பெண்ணின் பங்கு: சாஸ்திரமும் சட்டமும்

1955-ஆம் ஆண்டில் விவாகம் செய்து கொடுக்கப்பட்ட ஒரு பெண், மூன்று மாதம் நிறையுமுன் கணவனைப் பாம்புக் கடிக்குப் பறிகொடுத்து, மஞ்சளின் ஈரம் காயாத நிலையிலேயே புகுந்த வீட்டாரால் வெளியே துரத்தப்பட்டு, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பெற்றோர் அவளைப் பாரமென்று எண்ணி மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். படித்து, உத்தியோகம் பெற்று, யாருடைய கையையும் எதிர்பாராமல் வாழ்ந்து, வங்கியில் சேமிப்பும் வருங்கால வைப்பு நிதியும் விட்டுவிட்டு, உயில் எதுவும் எழுதாமல் 1996-இல் அவள் இறந்தாள். அவளைப் பெற்றெடுத்த தாய் அந்தப் பணத்தைக் கேட்டாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவளைத் துரத்திய வீட்டைச் சேர்ந்தவர்களான கணவனுடைய சகோதரியின் புத்திரர்களும் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009-ஆம் ஆண்டு மே மாதம், சட்டத்தின் வாசகம் இடம் தராதபோது அனுதாபம் மாத்திரம் உரிமையை நிர்ணயிக்க இயலாது என்று கூறி, நீதிபதிகள் அந்தச் சொத்து முழுவதையும் கணவன் வீட்டாருக்கே கொடுத்தார்கள்.

நீதிபதிகள் கல்நெஞ்சர்கள் என்பதனால் விளைந்ததன்று இந்தத் தீர்ப்பு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அவ்வாறு கட்டளையிடுகிறது. ஓர் இந்து ஆண்மகன் உயிலின்றி இறந்தால் அவனுடைய மனைவி, மக்கள், தாய் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகளாக ஒருங்கே நிற்கிறார்கள். அவனுடைய மாமனார் வீட்டார் அந்தப் பக்கம் தலைகாட்டவும் வழியில்லை. ஓர் இந்துப் பெண் இறந்தாலோ, குழந்தைகளும் கணவனும் இல்லாதபோது, கணவனுடைய வாரிசுகள் யாரோ அவர்களுக்கு முதலில் போய், அவர்களில் ஒருவருமே இல்லையென்றால்தான் அவளைப் பெற்றவர்களுக்கு வந்து சேரும். தாய் தகப்பன் வழியாக அவளுக்கு வந்த சொத்துக்கு மட்டும், சந்ததியில்லாதபோது, ஒரு விலக்கு எழுதியிருக்கிறார்கள். அவள் தன் உழைப்பினால் தேடிய சுயார்ஜிதச் சொத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு பெண் தானே சம்பாதித்துத் தானே சேர்த்து வைப்பாள் என்ற எண்ணமே 1956-இல் அந்த வாசகத்தை எழுதியவர்களுடைய மனத்தில் உதித்திருக்கவில்லை போலும். கன்னிகாதானம் செய்து கொடுக்கப்பட்டவள் கோத்திரம் மாறிப் புகுந்த வீட்டைச் சேர்ந்துவிட்டாள் என்ற சாஸ்திரக் கொள்கை, நவீன நீதிமன்றமொன்றில், ஓர் உழைப்பாளியின் வங்கிக் கணக்கின்மேல் இவ்வாறு ஆட்சி செலுத்தியது. அந்தப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

மதச்சார்பற்ற பெண்ணியம் என்று அறிஞர்கள் பெயரிட்டு விவாதிக்கிற கொள்கை சாதாரண ஜனங்களுக்கு எட்டாத தத்துவமென்று கருத வேண்டுவதில்லை. அந்தத் தாய் நீதிமன்றத்தில் எதிர்கொண்ட கேள்வியே அதன் மூலக் கேள்வி. ஒரு பெண்ணுக்குரிய உரிமை எங்கிருந்து பிறக்கிறது? அவள் எந்த மதத்தில் பிறந்தாளோ அந்த மதத்தின் நூலிலிருந்தா, எந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாளோ அந்தக் குடும்பத்தின் தயவிலிருந்தா, அல்லது இந்நாட்டின் பிரஜை என்ற அந்தஸ்திலிருந்தா? அவள் கோயிலுக்குப் போகலாம், பள்ளிவாசலில் தொழலாம், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றலாம். எதையும் நம்பாதவளாகவும் இருக்கலாம். அவளுடைய பக்தியைப் பற்றி இக்கொள்கைக்கு ஆட்சேபம் கிடையாது. நூலை வியாக்கியானம் செய்கிறவர் மாறினால் மாறிப்போகும் ஒன்றாக அவளுடைய சோறும், வீடும், குழந்தையும் இருக்கலாகாது என்பதே அதன் வாதம்.

இந்த நிலை நமக்கு எவ்வாறு வாய்த்தது என்பதைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்பது நலம். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதி நிர்வாகத் திட்டத்தில், விவாகம், வாரிசுரிமை, சாதி வழக்கங்கள் முதலிய விஷயங்களில் இந்துக்களுக்குச் சாஸ்திரப்படியும் முஸ்லிம்களுக்குக் குர்ஆன்படியும் தீர்ப்பளிக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. பின்னர் வந்த நூறாண்டுகளில் குற்றவியல், ஒப்பந்தம், சாட்சியம் ஆகிய அனைத்தும் எல்லா மதத்தினருக்கும் பொதுவான சட்டங்களாகத் தொகுக்கப்பட்டன. திருடனுக்கு மதம் பார்க்கவில்லை. வியாபாரிக்கு மதம் பார்க்கவில்லை. வீட்டு வாசற்படிக்கு உள்ளே மட்டும் பண்டிதரும் மௌல்வியும் பாதிரியாரும் காவல் நின்றார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் பெண்களாதலால், நாட்டின் ஜனத்தொகையில் ஒரு பாதி பொதுச் சட்டத்துக்குள்ளும் மறு பாதி மதச் சட்டத்துக்குள்ளும் வாழ நேர்ந்தது. ஒன்றோடொன்று எத்தனையோ விஷயங்களில் மாறுபடுகிற மதங்கள், பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகக் கொடுப்பதில் மாத்திரம் ஏறக்குறைய ஒருமித்திருந்தன. சுதந்திரம் வந்த பிறகும் இந்தக் காவல் முழுவதும் விலகவில்லை. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டங்கள் செல்லாவென்று அரசியல் சாசனம் கூறியிருக்க, மதங்களின் தனிநபர் சட்டங்கள் அந்த விதிக்குள் வாரா என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1951-இலேயே சொல்லிவிட்டது. அந்தச் சொல்லின் நிழல் இன்னும் நீண்டு கிடக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி முன்னதாகவே எழுந்துவிட்டது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் செங்கற்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டுமென்றும், எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டென்றும், ஆரம்பப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டுமென்றும் தீர்மானித்தது. சாஸ்திரத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்று அம்மாநாடு தேடிக்கொண்டிருக்கவில்லை. அக்காலத்துச் சமூக சீர்திருத்தவாதிகள் பலர், வேத காலத்தில் பெண்கள் உயர்வாக இருந்தார்கள், இடையிலே கெட்டுப்போயிற்று, ஆகையால் பழைய நிலைக்குத் திரும்புவோம் என்று வாதிட்டு வந்த வேளையில், ஈ.வெ.ராமசாமிப் பெரியாரும் அவருடன் நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், குஞ்சிதம் குருசாமி, நீலாவதி முதலிய பெண்களும் பழமையைச் சாட்சிக்கு அழைக்க மறுத்துவிட்டார்கள். வைதிகரிடத்தில் போய் அவர்களுடைய நூலைக் கொண்டே வாதாடினால், நூலை நன்கறிந்த அவர்கள்தாம் எப்போதும் ஜெயிப்பார்கள்.

ஆயினும் எல்லாருமே அந்த வழியில் வந்தவர்களல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மதத்தை நிராகரித்தவரல்லர். ஆனாலும் சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவது தர்மமா அதர்மமா என்ற தர்க்கத்துக்குள் புதைந்துபோகாமல், சட்டசபை சட்டமியற்றித் தடுக்க வேண்டிய அநீதி அது என்று அவர் நின்றார். 1930-இல் அவர் முன்வைத்த மசோதா, 1947-இல் சட்டமாக நிறைவேறியது. பதினேழு ஆண்டு தாமதம். அந்தப் பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

டெல்லியில் நடந்ததும் தாமதத்தின் கதையே. இந்துக்களின் விவாகம், வாரிசுரிமை, தத்து ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை டாக்டர் அம்பேத்கர் சட்ட மந்திரியாக இருந்து கொண்டுசென்றபோது, நாடாளுமன்றத்துக்கு உள்ளும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பைக் கண்டு அரசாங்கம் அதனைக் கைவிடவே, 1951 செப்டம்பரில் அவர் மந்திரி பதவியை ராஜிநாமா செய்தார். அவர் விலகிய பிறகு அந்த மசோதா துண்டு துண்டாக்கப்பட்டு 1955, 1956 ஆண்டுகளில் நான்கு சட்டங்களாக நிறைவேறியது. பலதார மணம் ஒழிந்தது, விவாகரத்து வந்தது, விதவைக்குச் சொத்தில் முழு பாத்தியதை கிடைத்தது. இவை சாமானியமான லாபங்களல்ல. ஆனால் பிதுரார்ஜிதச் சொத்தில் பிறப்பினாலேயே பங்காளியாகும் உரிமை மகனுக்கு மட்டுமென்ற, பழைய சாஸ்திர உரையான மிதாட்சரத்தின் விதி அப்படியே விடப்பட்டது. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி கேட்க, ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ளும் வரை மகளுக்கு அதிகாரமில்லை என்று 23-ஆவது பிரிவு சொன்னது. மதம் கழிந்துவிட்ட சட்டமென்று அதனைக் கூறுவது பொருந்தாது. சாஸ்திரத்தை ஒரு பகுதி திருத்திப் பிரசுரித்த பதிப்பு என்று சொன்னால் பொருந்தும்.

தமிழ்நாடு 1989-இல் இதனைத் திருத்தியது. அந்த ஆண்டு மார்ச் மாதம் 25-ஆம் நாள் முதல் மகளும் பிறப்பினாலேயே பங்காளி. ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமானவளுக்கு இல்லை. முதல் நாள் தாலி கட்டிக்கொண்டவள் அன்னியள், மறுநாள் வரை கன்னியாக இருந்தவள் பங்காளி என்ற அந்த ஏற்பாட்டில் பழைய கன்னிகாதானக் கொள்கையின் கடைசிச் சாயல் தங்கியிருந்தது. 2005-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின் திருத்தம் மணமானவள், ஆகாதவள் என்ற பேதத்தையும், வீட்டைப் பற்றிய 23-ஆவது பிரிவையும் நீக்கியது. அத்திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்து, மகளின் உரிமை பிறப்பினால் வருவது, தகப்பனார் உயிரோடிருப்பதைப் பொறுத்ததன்று என்றது. செங்கற்பட்டுத் தீர்மானத்திலிருந்து எண்ணினால் தொண்ணூற்றோர் ஆண்டுகள்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும் சொத்து வந்து சேர்ந்ததா என்று அறிய விரும்புகிறவர், நல்ல முகூர்த்த நாள் ஒன்றில் ஏதேனும் ஒரு சிற்றூர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தின் தாழ்வாரத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். பெஞ்சின் ஒரு கோடியில் நடுத்தர வயதுச் சகோதரிகள் இருவர், வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த களைப்போடு, ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரப்படுத்தி மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். தம்பி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கிறான். பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தை வேகமாக வாசித்துக் காட்டுகிறார்: தங்களுக்குப் பாத்தியப்பட்ட பிரிபடாத பாகத்தை, எவருடைய தூண்டுதலுமின்றி, முழு மனத்தோடு விடுதலை செய்து கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறது. "அக்கா, இந்த இடத்துல ஒரு கையெழுத்து" என்கிறான் தம்பி. மூத்தவள் தயங்கினால், அருகிலிருக்கும் தாயார் மெல்லச் சொல்கிறாள்: "நாளைக்கு உன் பொண்ணுக்குச் சீர் தூக்கிட்டு வர்றதுக்கு அவன்தானேம்மா வரணும்." கையெழுத்து விழுகிறது. ஒரு பட்டுப்புடவை, சில சமயம் சிறு தொகை, மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. நிலம் தம்பியின் பெயருக்குப் போய்விடுகிறது.

அந்தத் தம்பியைத் துஷ்டனென்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சகோதரிகளை ஏமாளிகளென்றும் நினைக்கவில்லை. பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டுமென்பது அவர்களுக்கு ஒரு காப்பீடு. புகுந்த வீட்டில் அடிபட்டால் ஓடிவர ஓரிடம் வேண்டும். அந்த இடத்தைத் தம் பங்கை விலையாகக் கொடுத்து வாங்குகிறார்கள். அடிபட்ட பெண்ணுக்கு அரசாங்கம் நடத்தும் தங்குமிடம் ஊருக்கு ஊர் இருந்து, ஜீவனாம்ச உத்தரவு வருஷக்கணக்கில் இழுக்காமல் மாதக்கணக்கில் கிடைத்து, சொந்தமாக ஒரு சம்பாத்தியமும் இருந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூத்தவள் தன் பேனாவை இன்னும் சிறிது நேரம் கையிலேயே வைத்திருப்பாள். உரிமையைப் பற்றிய சட்டமும் வாழ்க்கை வசதியைப் பற்றிய அரசியல் திட்டமும் வெவ்வேறு இலாகாக்கள் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தாழ்வாரத்தைப் பார்த்ததில்லை. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று தமிழ்நாடு அரசு 2025-இல் கொண்டுவந்தது போன்ற சிறு ஏற்பாடுகளுக்கு அதனால்தான் மதிப்பு உண்டு.

இதுவரை சொன்னது பெரும்பான்மை மதத்தின் சட்டம். மற்றவை இதைவிட மேலென்று கருத இடமில்லை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றிருந்தது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் அம்மையார், தம் உடன்பிறந்தவரையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1986-இல் அந்தச் சட்டம் 1951-லிருந்தே செல்லாது என்ற தீர்ப்பைப் பெற்றார். நீதிமன்றம் அங்கே கிறிஸ்தவ மதத்தைப் பற்றி ஓர் உபதேசமும் செய்யவில்லை. 1951-இல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கும் அமலுக்கு வந்துவிட்டதென்று சொல்லி முடித்தது.

அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு வழக்கில் அவ்வாறு நடக்கவில்லை. இந்தூரைச் சேர்ந்த ஷா பானு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தம்மோடு வாழ்ந்த வக்கீல் கணவரால் அறுபது வயதுக்குப் பின் விலக்கப்பட்டவர். ஜீவனாம்சமாக மாஜிஸ்திரேட் மாதம் 25 ரூபாய் விதித்தார். உயர் நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அந்தத் தொகைக்காகக் கணவர் உச்ச நீதிமன்றம் போனார். கைவிடப்பட்ட மனைவிக்கு ஜீவனாம்சம் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எல்லா மதத்தினருக்கும் பொதுவாக உள்ளது, ஆகவே இவருக்கும் உண்டு என்று இரண்டு வரியில் 1985 ஏப்ரலில் தீர்ப்பு முடிந்திருக்கலாம். நீதிபதிகள் அதனைச் சொன்னதோடு நில்லாமல், குர்ஆனுக்கு வியாக்கியானமும் செய்து, பொது சிவில் சட்டம் வராததற்காக வருத்தமும் தெரிவித்தார்கள். ஒரு கிழவியின் சோற்றுப் பிரச்சினை ஒரு மதத்தின் கௌரவப் பிரச்சினையாக மாறிற்று. ஊர்வலங்கள் நடந்தன, முதியவளான அவரே தமக்குக் கிடைத்த தீர்ப்பைத் தாம் ஏற்கவில்லையென்று பகிரங்கமாகச் சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டார், 1986-இல் நாடாளுமன்றம் முஸ்லிம் பெண்களை அந்தப் பொதுப் பிரிவிலிருந்து விலக்கும் நோக்கத்தோடு தனிச் சட்டம் செய்தது. அதே காலத்தில் அயோத்தியில் பூட்டிக் கிடந்த பாபர் மசூதியின் கதவும் இந்துக்களின் வழிபாட்டுக்காகத் திறக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் ஆண்களுக்கு ஒரு சலுகை, மற்றொரு சமூகத்தின் ஆண்களுக்கு மற்றொரு சலுகை; இரண்டு தட்டிலும் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. 2001-இல் அந்தச் சட்டத்துக்கே பெண்ணுக்குச் சாதகமான பொருளைக் கண்டும், 2024 ஜூலையில் பொதுச் சட்டத்தின் ஜீவனாம்சம் விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டென்று தெளிவாக அறிவித்தும், நீதிமன்றம் ஷா பானு நின்ற இடத்துக்கு மீண்டும் வந்து சேர்ந்தது.

முஸ்லிம் பெண்கள் இவையனைத்தையும் வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரேனும் எண்ணினால் அது பெரும் பிழை. நம் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம், ஆண்கள் மட்டும் கூடித் தீர்ப்புச் சொல்லும் ஜமாத்துகளில் பெண்ணின் வழக்கைப் பெண்ணே போய்ச் சொல்ல இயலாத அநியாயத்தைக் கண்டு, பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தைக் கூட்டினார். முத்தலாக்கை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் முஸ்லிம் பெண்களே. 2017 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அதனைச் செல்லாதென்றும் இருவர் மாறுபட்டும் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2019-இல் வந்த சட்டம், செல்லாதென்று அறிவிக்கப்பட்டுவிட்ட அந்தச் சொல்லைச் சொல்லும் கணவனுக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை என்றது. மனைவியை நடுத்தெருவில் விட்டுப்போகும் மற்ற மதத்துக் கணவனுக்கு இல்லாத சிறை இவனுக்கு மாத்திரம் ஏன், அவன் சிறையில் இருக்கும்போது ஜீவனாம்சம் யார் கொடுப்பார்கள் என்று பெண்கள் அமைப்புகள் பல கேட்டன. நியாயமான கேள்விகள்.

பொது சிவில் சட்டத்தைப் பற்றிய வாதம் இங்கேதான் சிக்கலாகிறது. 1947-இல் அடிப்படை உரிமைகளை வகுத்த துணைக்குழுவில் ஹன்சா மேத்தாவும் ராஜகுமாரி அம்ருத் கௌரும், மினூ மசானியோடு சேர்ந்து, பொது சிவில் சட்டம் வெறும் வழிகாட்டும் நெறியாக ஒதுக்கப்படாமல் நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்க உரிமையாக வேண்டுமென்று மாறுபட்ட குறிப்பு எழுதினார்கள். 1974-இல் வெளிவந்த, பெண்களின் நிலை பற்றிய தேசியக் குழுவின் அறிக்கையும் அதனையே வற்புறுத்தியது. அதாவது இந்தக் கோரிக்கை பெண்களிடமிருந்து பிறந்த கோரிக்கை. அது பின்னர் வேறு கைகளுக்குப் போய், சிறுபான்மையினரை அச்சுறுத்தும் கோஷமாக முழங்கத் தொடங்கியபோது, 1990-களில் பெண்கள் இயக்கத்தின் பெரும்பகுதி தன் குரலை மாற்றிக்கொண்டது: எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பதைவிட எல்லாப் பெண்களுக்கும் சமமான சட்டம் என்பதே முதலில் வேண்டியது. ஒரே மாதிரியான அநியாயத்தை எல்லாருக்கும் பகிர்ந்தளித்துவிட்டால் அது நியாயமாகிவிடாது. கோவாவில் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற பொதுச் சட்டத்தை உதாரணமாகக் காட்டுகிறவர்கள், குறிப்பிட்ட வயது வரை மனைவிக்குக் குழந்தையோ ஆண் குழந்தையோ பிறக்காவிட்டால் இந்து ஆண் மறுமணம் செய்யலாமென்ற விலக்கு அதனோடு ஒட்டிக்கொண்டிருந்ததைச் சொல்வதில்லை. 2024-இல் உத்தரகண்ட் இயற்றிய பொது சிவில் சட்டம், மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் அரசாங்கத்திடம் போய்ப் பதிவு செய்யாவிட்டால் தண்டனையென்கிறது. மதகுருவின் கண்காணிப்பிலிருந்து விடுவித்து அதிகாரியின் கண்காணிப்பில் ஒப்படைப்பதைப் பெண் விடுதலை என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. மதச்சார்பின்மை என்ற பெயரில் பெரும்பான்மையின் ஆசாரத்தைப் பொதுவென்று ஆக்குவதும், சிறுபான்மையின் பாதுகாப்பு என்ற பெயரில் அச்சமூகத்துப் பெண்ணை அவளுடைய ஆண்களிடமே விட்டுவிடுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டிலும் அவளை யாரும் கேட்பதில்லை.

கேட்டுச் செய்த சட்டம் எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. புரோகிதரும் அக்கினியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் சாஸ்திரப்படியும் இல்லை, தொன்றுதொட்டு வந்த வழக்கமும் இல்லை, ஆகவே செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கால் நூற்றாண்டாக அவ்வாறு மணந்துகொண்ட ஆயிரக்கணக்கானோரின் இல்லறம் சட்டத்தின் முன் கேள்விக்குறியாயிற்று. அண்ணாதுரை முதலமைச்சரானதும் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும், ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினால் போதும். மோதிரம் அணிவித்தால் போதும். தாலி கட்டிக்கொண்டாலும் சரி. முன்னரே நடந்தவையும் செல்லும். மந்திரம் வேண்டுகிறவர்களுடைய மந்திரத்தை அச்சட்டம் பறிக்கவில்லை. மணப்பெண் தன் வாயால் சம்மதம் சொல்வதையே திருமணத்தின் உயிராக்கியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்தத் திருமணத்துக்கு ஊர் கூட்டிப் பகிரங்கப்படுத்த வேண்டிய அவசியமில்லை, வக்கீல் நண்பர் முன்னிலையிலும் நடக்கலாம் என்று கூறியது. சாதி மாறி மணந்துகொண்டதற்காகப் பெற்றோரின் அரிவாளுக்கு அஞ்சி ஓடும் பிள்ளைகளுக்கு அது உயிர்ப்பிச்சை.

மதம் கடந்து மணப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்குரிய 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், பெயரளவில் நாட்டிலேயே முழுக்க மதச்சார்பற்ற விவாகச் சட்டம். ஆனால் முப்பது நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்து, இருவரின் பெயரும் விலாசமும் பதிவாளர் அலுவலகச் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டுமென்கிறது. கோயிலிலோ மசூதியிலோ மணப்பவருக்கு இல்லாத நிபந்தனை இது. ஓடி ஒளிய வேண்டியிருக்கிற பெண்ணின் விலாசத்தைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, அவளுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறோம் என்று அரசாங்கம் எவ்வாறு சொல்லும்? பொது சிவில் சட்டத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிறவர்கள், ஏற்கெனவே கையிலிருக்கும் இந்தப் பொதுச் சட்டத்தின் முள்ளை எடுத்துப் போட்டிருந்தால் அவர்களுடைய நோக்கத்தில் எனக்கு நம்பிக்கை பிறந்திருக்கும்.

திருமணத்தைச் சட்டம் எவ்வளவு சீர்திருத்தியபோதிலும், அதற்குள் நடக்கும் உழைப்பை அது இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கணவனுடைய சம்பாத்தியம் கணவனுடையது, மனைவியினுடையது மனைவியினுடையது என்பதே கோவா நீங்கலாக இந்தியா முழுவதும் உள்ள விதி. பார்வைக்குச் சமத்துவமான விதியே. ஆனால் ஒருவர் வெளியே சம்பாதிக்கவும் மற்றவர் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து, முதியோரைப் பேணவும் ஏற்பாடாகியிருக்கும் வீட்டில், பிரியும் நாளன்று ஒருவர் கையில் சொத்தும் மற்றவர் கையில் ஜீவனாம்ச மனுவும்தான் இருக்கும். கணவனுடைய அசையாச் சொத்தில் மனைவிக்கு ஒரு பங்கை நிர்ணயிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமளிக்கும் மசோதாவை 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறாமலே 2014-இல் காலாவதியாயிற்று.

2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், கணவர் பல ஆண்டுகள் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியிருந்தார். மனைவி இங்கே குழந்தைகளை வளர்த்து, அந்தப் பணத்தைச் சிக்கனமாகக் கையாண்டு நிலம் வாங்கியிருந்தார். திரும்பி வந்த கணவர் எல்லாம் தம்முடையதே என்றார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் அந்த வழக்கைத் தொடர்ந்தார்கள். ஓய்வுமில்லாமல் விடுமுறையுமில்லாமல் மனைவி வீட்டில் செய்த வேலையே கணவரை வெளியே சம்பாதிக்க விட்டது, ஆகையால் அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதில் அவருக்கும் பங்கு உண்டென்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கூறி, வழக்கிலிருந்த சொத்துகளில் சிலவற்றில் மனைவிக்குச் சரிபாதி அளித்தார். இல்லத்தரசியின் உழைப்பை அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இதுவரை இயற்றப்படவில்லை, அங்கீகரிக்கலாகாதென்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பதைத் தீர்ப்பிலேயே அவர் எழுதிவைத்தார்.